ஏற்காடு மலைப்பாதையும் குடும்ப எஸ்யூவியும்: ஒரு வரலாறு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கும், அங்கிருந்து சேர்வராயன் கோயிலுக்கும் செல்லும் மலைப்பாதை தமிழ்நாட்டின் பழைய கோடைவாசத்தலப் பாதைகளுள் ஒன்று. பல்லக்கு, மாட்டுவண்டி, பேருந்து, அம்பாசிடர், ஜீப், மாருதி, இன்றைய எஸ்யூவி எனப் பலவகை ஊர்திகள் இம்மலையில் ஏறியுள்ளன. ஒரு குடும்பம் எத்தகைய ஊர்தியை வாங்க வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் இருந்தன. சாலை, வரிவிதி, தொழிற்சாலை அமைந்த இடம், குடும்பத்தின் அளவு, பாதுகாப்பு பற்றிய அறிவு ஆகியவை அவ்விடைகளைத் தீர்மானித்தன. சிறிய சொகுசு எஸ்யூவி என்னும் வகை இவ்வரிசையில் கடைசியாக, 2010-க்குப் பின் வந்து சேர்ந்தது.

மலையும் கோயிலும்

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சேலம் மாவட்டத்தில் உள்ளது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. மலையின் உச்சி 5,326 அடி, அதாவது 1,623 மீட்டர். அந்த உச்சியின் சமதளத்தில் ஒரு சிறு குகையே சேர்வராயன் கோயில். சேர்வராயனும் காவேரி அம்மனும் அங்கே வழிபடப்படுகின்றனர். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குச் சேர்வராயன் மலையைக் காக்கும் தெய்வம். ஆண்டுதோறும் மே மாதத்தில் திருவிழா நடைபெறுகிறது. அதே மாதத்தில் ஏற்காட்டில் அரசின் கோடைவிழாவும் நடப்பதால் ஆண்டின் மிகப்பெரிய ஊர்தி நெரிசல் அப்போதுதான்.

1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காபிப் பயிரைக் கொண்டுவந்தார். தோட்டங்களும் பங்களாக்களும் பெருகின. 1860-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் செல்லும் இருப்புப்பாதை சேலம் வழியாக அமைந்தது. சமவெளி வரை ரயிலில் வந்தவர்கள் அதன்பின் குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் பல்லக்கு, டோலி ஆகியவற்றிலோ மலையேறினர். நீலகிரிக்கு மலை ரயில் கிடைத்தது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் ரயில் சென்றது. ஏற்காட்டுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. ஆகவே ஏற்காட்டின் போக்குவரத்து வரலாறு முழுவதும் சாலையின் வரலாறாகவே இருக்கிறது.

இன்று சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஓர் ஊர்தி இத்தூரத்துக்குள் 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கிறது. குப்பனூர் வழியாக மற்றொரு பாதையும் உண்டு. ஏற்காட்டிலிருந்து கோயில் உச்சி வரை ஊர்தி செல்லும் சாலை இருக்கிறது. அது முதன்மைச் சாலையைவிடக் குறுகலானது.

முதல் கார்கள்

சென்னை மாகாணத்தில் கார்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவின. கோச்சு வண்டி செய்துவந்த சிம்ப்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் ஒரு நீராவிக் காரை உருவாக்கினார். கட்டட ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டி சென்னையில் தொடக்கத்திலேயே கார் வைத்திருந்த இந்தியர்களுள் ஒருவர். அக்காலக் கார் குடும்ப ஊர்தியன்று. ஆட்சியர், தோட்ட முதலாளி, ஜமீன்தார் ஆகியோரின் உடைமையாக அது இருந்தது. ஓட்டுநரும், சில வேளை துணைக்கு ஒரு கிளீனரும் காருடன் சேர்ந்தே வருவர்.

சாதாரணக் குடும்பங்களுக்கு மோட்டார் என்பது பேருந்தாகவே அறிமுகமாயிற்று. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஜி. டி. நாயுடு தம் பேருந்தை ஓட்டினார். மலை மேல் உள்ள பள்ளிகளுக்குப் பிள்ளைகள் செல்லவும், தோட்டத் தொழிலாளர் சந்தைக்கு வரவும் பேருந்தே வழி. 1894-இல் தொடங்கிய திரு இருதய கான்வென்ட், 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி போன்ற விடுதிப் பள்ளிகள் ஏற்காட்டுக்கு ஆண்டுதோறும் வெளியூர்க் குடும்பங்களை வரவழைத்தன. டிரங்குப் பெட்டி, படுக்கை, பிள்ளை, பெற்றோர் அனைத்தையும் ஒரே ஊர்தியில் ஏற்றும் தேவை இங்கே அப்போதே இருந்தது.

இக்காலத்தின் எச்சம் ஒன்று பேச்சுவழக்கில் இன்றும் உள்ளது. உபரிச் சக்கரத்தைத் தமிழர் ‘ஸ்டெப்னி’ என்கின்றனர். வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில், 1904-இல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர் அது. அந்த நிறுவனம் மறைந்துவிட்டது. அது செய்த பொருளின் பெயர் இந்தியாவில் நிலைத்துவிட்டது.

அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்ட்

விடுதலைக்குப் பின் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. வாங்குவதற்கு மூன்று பெயர்களே இருந்தன. கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடர் 1957-இல் வந்தது. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் பியட் 1100 காரைத் தயாரித்தது. அது பின்னர் பத்மினி எனப் பெயர் மாறியது. மூன்றாவது தமிழ்நாட்டுக் கார். 1948-இல் தோன்றிய ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர்ப் பகுதியில் தொழிற்சாலை அமைத்து முதலில் வேன்கார்டையும், 1961 முதல் ஹெரால்டையும் வெளியிட்டது.

இக்காலத்தில் ‘தேர்வு’ என்பதே இல்லை எனலாம். முன்பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, கிடைத்ததை வாங்கினர். குடும்பங்கள் அம்பாசிடரை விரும்பியதற்குக் காரணம் அதன் இருக்கை. முன்புறம் ஒரே நீளப் பலகையாக இருந்தது. கியர்க் கம்பு ஸ்டியரிங்கின் பக்கத்தில் இருந்ததால் முன்னால் மூவரும் பின்னால் நால்வரும் அமர முடிந்தது. மடியில் குழந்தைகள், மேலே கேரியரில் பெட்டிகள். கூட்டுக்குடும்பத்துக்கு இது பொருத்தமாக இருந்தது. உயரமான உடல், தடித்த தகடு, எந்த ஊரிலும் பழுது பார்க்கக்கூடிய எளிய இயந்திரம் ஆகியவை கூடுதல் நன்மைகள்.

மலையேற்றம் இக்கார்களுக்குக் கடினமாக இருந்தது. உயரம் கூடும்போது காற்றின் அடர்த்தி குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு விழுக்காடு ஆற்றலை இழக்கும். ஏற்காட்டை அடையும்போது 1,489 சிசி அம்பாசிடர் தன் ஆற்றலில் ஏழில் ஒரு பங்கை இழந்திருக்கும். ஏழெட்டுப் பேரின் எடையும் சேர்ந்தால் முதல் இரண்டு கியர்களிலேயே ஏற வேண்டும். வேகம் குறைவதால் ரேடியேட்டருக்குக் காற்று போதாது. நீர் கொதிக்கும். ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் கல்லை அணைத்து, பானெட்டைத் திறந்து ஆறவைத்து, குடத்து நீரை ஊற்றுவது பயணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

சென்னையில் செய்த சொகுசுக் கார்

1980-களில் சொகுசை நாடிய இரு முயற்சிகள் நடந்தன. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் காண்டெசாவை வெளியிட்டது. அடுத்த ஆண்டு சென்னை ஸ்டாண்டர்ட் நிறுவனம் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற காரைக் கொண்டுவந்தது. பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் உடலமைப்பு அதற்கு இருந்தது. இந்தியச் சாலைகளுக்காகத் தரையிடைவெளி உயர்த்தப்பட்டது. உள்ளே இருந்ததோ பழைய வேன்கார்டு வழிவந்த 1,991 சிசி எஞ்சின். கனமான அந்த உடலை இழுக்க அது போதவில்லை. எரிபொருளும் அதிகம் செலவாயிற்று. சில ஆண்டுகளிலேயே தயாரிப்பு நின்றது. நிறுவனமும் மீளவில்லை.

தமிழ்நாட்டின் கார் வரலாற்றில் ஸ்டாண்டர்ட் 2000 ஒரு தோல்வியாகவே பதிவாகிறது. ஆனால் பின்னாளில் எஸ்யூவிகளின் காலத்தில் மீண்டும் மீண்டும் எழுந்த ஒரு கேள்வியை அது முதலில் எழுப்பியது. உயர்ந்த தோற்றமும் நல்ல இருக்கையும் கொண்ட ஊர்தியில், அதற்கு ஈடான எஞ்சினும் பிரேக்கும் இருக்கின்றனவா என்பதே அக்கேள்வி.

மாருதியும் சிறு குடும்பமும்

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. 796 சிசி எஞ்சின், நான்கு பேருக்கான இடம், குறைந்த எரிபொருள் செலவு. கணவன், மனைவி, இரு குழந்தைகள் என்ற புதிய நகர்க் குடும்பத்தின் அளவுக்கு அது சரியாகப் பொருந்தியது. ஓட்டுநர் இன்றிக் குடும்பத் தலைவரே கார் ஓட்டும் வழக்கமும், பெண்கள் கார் ஓட்டும் வழக்கமும் பரவ மாருதியின் இலகுவான ஸ்டியரிங்கும் கிளட்ச்சும் உதவின. 1984-இல் வந்த மாருதி வேன், பின்னர் ஆம்னி, கூடுதல் ஆட்கள் உள்ள வீடுகளுக்குச் சென்றது.

1998 செப்டம்பரில் ஹூண்டாய் தன் சான்ட்ரோவைச் சென்னைக்கு அருகில் உள்ள இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வெளியிட்டது. அதன் கூரை உயரமாக இருந்தது. காருக்குள் குனிந்து இறங்காமல் நாற்காலியில் அமர்வதுபோல் அமரலாம். முதியோர் உள்ள வீடுகளில் இது பெரிதும் விரும்பப்பட்டது. பிற்காலத்தில் எஸ்யூவிக்குக் கிடைத்த வரவேற்பின் தொடக்கம் ஒருவகையில் இங்கே உள்ளது. வேகத்தைக் காட்டிலும் ஏறி இறங்கும் எளிமை இந்தியக் குடும்பங்களுக்கு முக்கியமாயிற்று.

ஜீப்பிலிருந்து எஸ்யூவி

மலைத்தோட்டங்களின் ஊர்தி ஜீப். 1945-இல் தோன்றிய மகிந்திரா நிறுவனம் 1947 முதல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பொருத்தி விற்றது. நான்கு சக்கர இயக்கம், குறைந்த கியர் விகிதம், உயர்ந்த தரையிடைவெளி ஆகியவற்றால் காபித் தோட்டத்து மண்பாதையில் அது எளிதாகச் சென்றது. மழைக்கு ஒதுங்கக் கதவுகூட இல்லாத அதைக் குடும்பப் பயணத்துக்குச் சிலரே பயன்படுத்தினர்.

ஜீப்பின் உறுதியையும் காரின் வசதியையும் சேர்க்கும் முயற்சியை டாட்டா நிறுவனம் 1991-இல் சியராவில் செய்தது. 1994-இல் சுமோவும் 1998-இல் சஃபாரியும் வந்தன. மகிந்திரா 2000-இல் பொலீரோவையும் 2002-இல் ஸ்கார்பியோவையும் வெளியிட்டது. டொயோட்டாவின் குவாலிஸ் 2000-இலும் அதற்கு மாற்றாக இன்னோவா 2005-இலும் வந்தன. இவை அனைத்தும் லாரியைப் போலத் தனிச் சேஸி மீது உடல் அமர்ந்தவை. கோயில் பயணம், திருமணம், சுற்றுலா என்று எட்டுப் பேர் போகும் இடங்களில் அம்பாசிடரின் இடத்தைச் சுமோவும் குவாலிஸும் பிடித்தன. ஆனால் வளைவுகளில் உடல் சாய்வதும், பின்வரிசையில் அமர்ந்தோருக்குக் குமட்டலும் அவற்றின் குறைகள்.

உலகின் வேறு பகுதிகளில் வேறொரு வழி தோன்றியிருந்தது. காரின் அடித்தளத்தின் மீதே உயரமான உடலைக் கட்டுவது. டொயோட்டா ராவ்4 (1994), ஹோண்டா சிஆர்வி (1995) ஆகியவை இவ்வகையின் முன்னோடிகள். சேஸியும் உடலும் ஒன்றாகிய இவ்வமைப்பு எடை குறைந்தது, சாய்வு குறைந்தது. கடுமையான காட்டுப்பாதைக்கு ஏற்றதன்று. நகரத்தில் வாழ்ந்து ஆண்டுக்குச் சில முறை மலையேறும் குடும்பத்துக்கு அதுவே போதுமானது என்பதை விற்பனை காட்டியது.

நான்கு மீட்டர் விதி

இந்திய எஸ்யூவியின் வடிவத்தைத் தீர்மானித்ததில் வரிவிதிக்குப் பெரும்பங்கு உண்டு. 2006-ஆம் ஆண்டின் நடுவண் நிதிநிலை அறிக்கை சிறிய கார்களின் உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மிகாமலும், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசி அல்லது டீசல் எஞ்சின் 1,500 சிசிக்கு மிகாமலும் இருந்தால் அது சிறிய கார். 2013-இல் எஸ்யூவிகளுக்கு வரி 27-இலிருந்து 30 விழுக்காடாக உயர்ந்தது. நான்கு மீட்டருக்கு மேற்பட்ட நீளம், 1,500 சிசிக்கு மேற்பட்ட எஞ்சின், 170 மில்லிமீட்டருக்குக் குறையாத தரையிடைவெளி ஆகிய மூன்றும் இருந்தால் அது எஸ்யூவி என வரையறுக்கப்பட்டது.

இதன் விளைவாகத் தோற்றத்தில் எஸ்யூவியாகவும் வரிக்கணக்கில் சிறிய காராகவும் உள்ள ஊர்திகள் பிறந்தன. 2013 ஜூனில் வந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மில்லிமீட்டர். மறைமலைநகரில் தயாரான இந்த வண்டி இவ்வகையைப் பரவலாக்கியது. 2016-இல் மாருதி பிரெஸ்ஸாவும் 2017-இல் டாட்டா நெக்ஸானும் 2019-இல் ஹூண்டாய் வென்யூவும் அதே எல்லைக்குள் வடிவமைக்கப்பட்டன. நீளத்தில் வெட்டப்பட்ட அந்தச் சில அங்குலங்கள் பெரும்பாலும் டிக்கியிலும் பின்னிருக்கையிலும்தான் குறைந்தன. ஐந்து பேரும் பெட்டிகளும் ஒருசேரப் போவது கடினமாயிற்று.

2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோதும் நான்கு மீட்டர் எல்லை நீடித்தது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு 28 விழுக்காடு வரியுடன் 22 விழுக்காடு கூடுதல் தீர்வையும் சேர்ந்து 50 விழுக்காடாயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் தீர்வை நீக்கப்பட்டு, சிறிய கார்களுக்கு 18 விழுக்காடும் மற்றவற்றுக்கு 40 விழுக்காடும் என விகிதம் மாறியது.

தமிழ்நாட்டு ஆலைகள்

எஸ்யூவியின் வரலாற்றில் சென்னைச் சுற்றுவட்டாரம் முதன்மையான இடம் பெறுகிறது. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மிட்சுபிஷியின் பஜேரோவைப் பொருத்தியது. ஒரகடத்தில் 2010-இல் திறந்த ரெனால்ட்-நிசான் ஆலையிலிருந்து 2012 ஜூலையில் டஸ்டர் வெளிவந்தது. காரின் அடித்தளமும் நல்ல தரையிடைவெளியும் கொண்ட டஸ்டர் நடுத்தர வகுப்பின் எஸ்யூவி ஆசைக்கு வழிதிறந்தது. 2015-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கிரெட்டா வந்தது. மகிந்திராவின் ஆய்வு மையம் செங்கல்பட்டு அருகே அமைந்தது.

ஆலைகள் வந்ததுபோல் போகவும் செய்தன. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார்த் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகரின் கடைசி ஈக்கோஸ்போர்ட் வெளியேறியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்தனர். வண்டி வாங்கியிருந்த குடும்பங்கள் உதிரிபாகமும் சேவையும் தொடருமா என்று கவலையுற்றன. நிறுவனத்தின் நிலைத்தன்மையும் அருகில் சேவை நிலையம் இருப்பதும் தேர்வின் பகுதிகள் என்பதை இந்நிகழ்வு பலருக்கு உணர்த்தியது.

சிறிய சொகுசு எஸ்யூவி

சொகுசு எஸ்யூவிக்கு உலக அளவில் 1970-இன் ரேஞ்ச் ரோவர் முன்னோடி. பிஎம்டபிள்யூ எக்ஸ்5 1999-இல் வந்தது. அவ்வகையைச் சிறிய அளவுக்குக் கொண்டுவந்தது 2009-இன் எக்ஸ்1. பிஎம்டபிள்யூவின் இந்திய ஆலை 2007 மார்ச்சில் செங்கல்பட்டு அருகே மகிந்திரா உலக நகரத்தில் திறக்கப்பட்டிருந்தது. 2010 டிசம்பரில் எக்ஸ்1 இந்தியாவில் அறிமுகமானபோது அங்கேயே பொருத்தப்பட்டது. விலை 22 லட்சம் ரூபாயில் தொடங்கியது. முழுதாக இறக்குமதியாகும் காரின் வரியை ஒப்பிட, உள்நாட்டில் பொருத்துவதால் விலை குறைந்தது. 2012-இல் ஆடி கியூ3, 2014-இல் மெர்சிடிஸ் ஜிஎல்ஏ, 2018-இல் வோல்வோ எக்ஸ்சி40 எனப் போட்டி வளர்ந்தது.

இங்கே ‘சிறிய’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. இந்திய வரிக்கணக்கில் சிறியது நான்கு மீட்டருக்கு உட்பட்டது. சொகுசு வகையில் சிறியது ஐரோப்பிய அளவுகோலின்படி ஏறக்குறைய 4.4 மீட்டர். ஆகவே எந்தச் சொகுசு எஸ்யூவியும் வரிச்சலுகைக்குள் வருவதில்லை. அதே நீளமுள்ள சாதாரண எஸ்யூவியின் விலையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு கொடுத்து இதை வாங்குபவர் இடத்தை அதிகமாகப் பெறுவதில்லை. எஞ்சின், பிரேக், ஓசையடக்கம், இருக்கை, அடையாளம் ஆகியவற்றுக்கே அந்தப் பணம் போகிறது.

இயக்கத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. முதல் தலைமுறை எக்ஸ்1 பின்சக்கர இயக்க அடித்தளத்தில் அமைந்தது. இந்தியாவில் 2016-இல் வந்த இரண்டாம் தலைமுறை முன்சக்கர இயக்க அடித்தளத்துக்கு மாறியது. எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டதால் பின்னிருக்கையில் கால் நீட்ட இடம் கூடியது. ஓட்டுபவரின் சுவையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பின்னால் அமரும் குடும்பத்துக்கு இடம் கொடுத்த மாற்றம் இது.

மலை வைக்கும் சோதனைகள்

கடைத்தெருக் காட்சியகத்தில் எல்லா வண்டிகளும் நன்றாகவே தெரியும். ஏற்காடு போன்ற மலைப்பாதையில்தான் அவற்றின் வேறுபாடுகள் வெளிப்படுகின்றன.

எஞ்சின்: டர்போ உள்ள எஞ்சின் உயரத்தால் இழக்கும் காற்றைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். குறைந்த சுழற்சியிலேயே இழுவிசை தரும் எஞ்சின் கொண்டை ஊசி வளைவிலிருந்து மீண்டெழ உதவும். உச்சக் குதிரைத்திறன் மலையில் பயன்படும் வாய்ப்பு குறைவு.

இறக்கம்: ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது. ஐந்து பேருடனும் சுமையுடனும் 2,000 கிலோகிராம் எடையுள்ள ஒரு வண்டி 1,200 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் 23.5 மெகாஜூல். சுமார் 80 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றும் டயர் உராய்வும் ஒரு பகுதியை ஏற்கும். மீதியைப் பிரேக் மட்டுமே தாங்கினால் அது சூடாகிப் பிடிப்பை இழக்கும். இதனாலேயே ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் விதி. தானியங்கி கியர் உள்ள வண்டியிலும் கையால் கீழ் கியரைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்க வேண்டும். எஞ்சினை அணைத்தோ, நியூட்ரலிலோ இறங்கினால் எஞ்சின் தரும் தடை போய்விடும்.

இயக்கும் சக்கரம்: எஸ்யூவி என்ற பெயர் நான்கு சக்கர இயக்கத்தை உறுதிப்படுத்துவதில்லை. இந்தியாவில் விற்கும் சிறிய எஸ்யூவிகளில் பெரும்பான்மை இருசக்கர இயக்கமே. தார்ச்சாலையில் ஏற்காட்டுக்குச் செல்ல அது போதும். தோட்டத்துக்குள் மழைக்காலச் சேற்றுப்பாதையில் செல்வோருக்கே நான்கு சக்கர இயக்கம் தேவை.

சக்கரம்: சொகுசு வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி இருப்பதில்லை. காற்று போனாலும் சிறிது தூரம் ஓடும் டயரோ, அடைப்புக் களிம்போ தரப்படும். அகலமான, பக்கச்சுவர் குறுகிய டயர் குழியில் கிழிந்தால் மலைமேல் அதே அளவு டயர் உடனே கிடைப்பது அரிது.

பின்னிருக்கை: காரில் நடுவில் அமர்பவரைவிடப் பின்சக்கரத்துக்கு மேல் மூன்றாம் வரிசையில் அமர்பவருக்கே தலைசுற்றல் அதிகம். வெளியே பார்க்க முடியாத உயர்ந்த சன்னல் விளிம்பு அதை மிகுவிக்கும். குழந்தைகளும் முதியோரும் அமரப்போகும் இருக்கையில் வாங்குபவர் தாமே அமர்ந்து பார்ப்பதே இதற்குச் சரியான சோதனை.

அகலம்: 1.8 மீட்டர் அகலமுள்ள வண்டி கோயில் சாலையில் எதிர்வரும் பேருந்துக்கு வழிவிடுவது கடினம். குறுகிய மலைச்சாலையில் இறங்கி வரும் வண்டி நின்று, ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலைவிதி. சமவெளியிலிருந்து வருவோர் பலர் இதை அறிவதில்லை.

பாதுகாப்பு: பெயரும் உண்மையும்

எஸ்யூவியை வாங்கும் குடும்பங்கள் சொல்லும் முதற்காரணம் பாதுகாப்பு. உயரமும் எடையும் பாதுகாப்பு என்ற எண்ணம் ஜீப் காலத்திலிருந்து வருவது. உண்மையில் உயரம் ஒரு வண்டியின் எடைமையத்தை மேலே கொண்டுசெல்கிறது. திடீரெனத் திருப்பினால் கவிழும் வாய்ப்பு கூடுகிறது. மின்னணு நிலைப்பாட்டுக் கருவி, தேவையான சக்கரங்களில் தனித்தனியாகப் பிரேக் பிடித்து வண்டியை நேர்ப்படுத்துகிறது. மலைச்சாலைக்கு வாங்குபவர் கூரைச் சன்னலுக்கு முன் கேட்க வேண்டியது இக்கருவியை.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களின் மோதல் சோதனை முடிவுகளை வெளியிட்டது. அதிகம் விற்ற சிறிய கார்கள் சிலவற்றுக்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. பொதுமக்கள் பேச்சில் ‘எத்தனை ஸ்டார்’ என்ற கேள்வி அதன்பின் நுழைந்தது. 2018 டிசம்பரில் டாட்டா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றது. இந்தியக் கார் ஒன்று அத்தரத்தை எட்டியது அதுவே முதல் முறை. 2019 ஏப்ரலில் பிரேக் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமாயிற்று. 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் என்னும் இந்தியாவின் சொந்தத் தரமதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. ஒருகாலத்தில் சொகுசுக் கார்களில் மட்டும் இருந்த பல காற்றுப்பைகளும் நிலைப்பாட்டுக் கருவியும் இன்று நான்கு மீட்டர் எஸ்யூவியிலும் கிடைக்கின்றன. பாதுகாப்புக்காகவே சொகுசு வகையை நாட வேண்டிய தேவை இதனால் குறைந்தது.

சொகுசு வண்டியும் தானாகக் காப்பதில்லை. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராட்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி ஒரு சொகுசு எஸ்யூவியின் பின்னிருக்கையில் பயணம் செய்தபோது விபத்தில் இறந்தார். பின்னால் இருந்த இருவரும் இருக்கைப் பட்டை அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. முன்னிருக்கையில் இருந்தவர்கள் உயிர் பிழைத்தனர். பின்னிருக்கைப் பட்டை இந்தியாவில் முன்பே சட்டப்படி கட்டாயம், நடைமுறையில் புறக்கணிக்கப்பட்டது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்வதற்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. மடியில் குழந்தையை வைத்துக்கொள்ளும் அம்பாசிடர் காலத்து வழக்கம் எஸ்யூவிக்குள்ளும் தொடர்கிறது. காற்றுப்பை விரியும் முன்னிருக்கையில் அது முன்னைவிடவும் ஆபத்தானது.

மலைப்பாதையும் தன் எச்சரிக்கைகளைத் தந்துகொண்டே இருக்கிறது. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய ஒரு பேருந்து வளைவில் கவிழ்ந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் பெஞ்சல் புயலின் மழையால் மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து மாற்றிவிடப்பட்டது. மூடுபனியும் மழையும் உள்ள நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுவதற்கு எந்த வண்டியும் மாற்றாகாது.

மின்சார எஸ்யூவி

2019 ஜூலையில் ஹூண்டாய் தன் கோனா மின்சார எஸ்யூவியைச் சென்னை ஆலையில் பொருத்தி வெளியிட்டது. 2025 ஜனவரியில் பிஎம்டபிள்யூ, சென்னையில் தயாரித்த நீண்ட ஐஎக்ஸ்1 மின்சார வண்டியை 49 லட்சம் ரூபாய்க்கு அறிமுகம் செய்தது. பின்னிருக்கைக் குடும்பத்துக்காக நீட்டப்பட்ட வடிவம் அது.

மலைக்கு மின்சார வண்டி ஒருவகையில் பொருத்தமானது. காற்றின் அடர்த்தி குறைவதால் மின்மோட்டார் வலுவிழப்பதில்லை. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாகி, பிரேக்கில் வெப்பமாகப் போகும் ஆற்றலின் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்புகிறது. ஒரு நுணுக்கம் உண்டு. மலையுச்சியில் பேட்டரியை முழுமையாக நிரப்பிவிட்டால் திரும்பிவரும் ஆற்றலுக்கு அதில் இடமிருக்காது. மோட்டாரின் தடையும் குறையும். ஆகவே மேலே தங்குவோர் பேட்டரியைச் சற்றுக் குறைவாகவே நிரப்பிக்கொண்டு இறங்குவது நல்லது.

மதிப்பீடு

தமிழ்நாட்டுக் குடும்பத்தின் ஊர்தித் தேர்வு ஒரு நூற்றாண்டில் பெரிதும் மாறியிருக்கிறது. அம்பாசிடர் காலத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்பது முதற்கேள்வி. மாருதி காலத்தில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. எஸ்யூவி காலத்தில் உயரமும் மதிப்பும் முன்னால் வந்தன. இப்போது மோதல் சோதனையின் நட்சத்திரமும் பேசப்படுகிறது. சிறிய சொகுசு எஸ்யூவி இக்கேள்விகள் அனைத்துக்கும் ஒரே வண்டியில் விடைதர முயல்கிறது. ஆனால் ஆள் எண்ணிக்கையிலும் பராமரிப்புச் செலவிலும் அது பின்தங்குகிறது. நால்வர் குடும்பத்துக்கு அது போதும். தாத்தா பாட்டியுடன் ஆறு பேராகச் செல்லும் வீட்டுக்கு அதே பணத்தில் மூன்று வரிசை உள்ள சாதாரண வண்டியே பொருத்தம்.

புதிய வண்டி வாங்கியதும் கோயில் வாசலில் பூசை செய்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டுவது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். அம்பாசிடருக்கும் மாருதிக்கும் செய்ததையே சொகுசு எஸ்யூவிக்கும் செய்கின்றனர். வண்டியின் வகை மாறினாலும், அதில் ஏறுவோர் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்ற வேண்டுதல் மாறவில்லை. சேர்வராயன் மலையின் இருபது வளைவுகளில் அந்த வேண்டுதலுக்குத் துணைநிற்பவை நல்ல நிலையிலுள்ள பிரேக், சரியான கியர், எல்லா இருக்கையிலும் அணிந்த பட்டை ஆகியவையே. இம்மூன்றும் விலை குறைந்த வண்டியிலும் உள்ளன.